பேய்க் காதல் காமெடியை காதால கேக்குறது எப்படி

ஸ்கூல் படிக்கிற வயசுல ஒரு பொண்ணோ பையனோ, அவங்க கண்ணுக்கு மட்டும் தெரியிற ஒரு பேய், இல்லன்னா பக்கத்து பெஞ்சுலயே உக்காந்திருக்கிற ரத்தக்காட்டேரி, ரெண்டு பேருக்கும் நடுவுல ஓயாத வாய்ச்சண்டை, அந்த சண்டை மெல்ல மெல்ல காதலா மாறுறது, சுருக்கமா சொன்னா இதுதான் காமெடி கலந்த யங் அடல்ட் பாராநார்மல் ரொமான்ஸ். இங்கிலீஷ்ல, அதுவும் அமெரிக்காவுல, இந்த வகை புக்கு குவிஞ்சு கிடக்கு. 2005ல ட்வைலைட்னு ஒரு காட்டேரிக் காதல் நாவல் வந்தப்புறம் அங்க பெரிய அலையே அடிச்சுது, அது முழுக்க சீரியஸான காதல், ஆனா அதே காட்டேரி, ஓநாய் மனுஷன், சூனியக்காரி, ஆவி இவங்களை வச்சு சிரிக்க சிரிக்க எழுதுறவங்களும் நிறைய பேர் இருக்காங்க.

இந்த வகையை படிக்கிறதவிட ஆடியோபுக்கா, அதாவது ஒருத்தர் வாசிச்சு பதிவு பண்ணினதா, கேக்குறதுதான் பொருத்தம்னு நான் உறுதியா நம்புறேன். ஏன்னா இதுல சிரிப்பு வர்ற இடமெல்லாம் பேச்சுலதான் இருக்கு. பேய் ஒண்ணு சொல்லும், ஹீரோயின் ஒரு நொடி பேசாம இருப்பா, அப்புறம் ஒத்தை வார்த்தையில பதில் சொல்லுவா, அந்த ஒரு நொடிதான் ஜோக்கு. பேப்பர்ல படிக்கும்போது கண்ணு அந்த ஒரு நொடியை தாண்டி ஓடிரும், புக்கை வாசிச்சு பதிவு பண்ற நல்ல நரேட்டர் கையில அது அப்படியே நிக்கும். இன்னொரு காரணமும் இருக்கு, பேய்க்காதல் கதையில பாதி நேரம் அந்தப் பேயைத் தொட முடியாது, பிடிக்க முடியாது, அதுகிட்ட இருக்கிறது குரல் மட்டும்தான், அந்தக் குரல் நிஜமாவே உங்க காதுக்குள்ள வந்து பேசினா கதாபாத்திரத்துக்கு ஏன் மனசு இளகுதுன்னு யாரும் விளக்காமயே உங்களுக்குப் புரிஞ்சிரும்.

அதனால கீழ நான் சொல்லப்போறது எல்லாமே ஒரே விஷயத்தைச் சுத்திதான் இருக்கும், நரேட்டர் விடுற அந்த இடைவெளியை கெடுக்காம கேக்குறது எப்படின்னு. சரியான ஆளைத் தேர்ந்தெடுக்கிறதுல இருந்து ஸ்பீடு, இடம், நேரம் எல்லாம் அதுக்காகத்தான்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி காதைப் பழக்குங்க

முதல்ல இலவசமா ஒரு கதை கேளுங்க. ஆஸ்கார் வைல்ட் 1887ல எழுதின தி கேன்டர்வில் கோஸ்ட். நூறு வருஷத்துக்கு மேல ஆன கதையா, இது எங்க யங் அடல்ட்டுன்னு கேட்காதீங்க, இதுல பேய் இருக்கு, பதினஞ்சு வயசு வர்ஜீனியா இருக்கா, அவ மேல உயிரையே வச்சிருக்கிற சின்ன வயசு ட்யூக் ஒருத்தன் இருக்கான், சிரிப்புக்கும் குறைவே இல்ல. காப்பிரைட் முடிஞ்ச கதைங்கிறதால லிப்ரிவாக்ஸ்ல சும்மாவே டவுன்லோட் பண்ணலாம், லிப்ரிவாக்ஸ்னா 2005ல இருந்து தன்னார்வலர்கள் பழைய புத்தகங்களை வாசிச்சு ஏத்துற இடம், அக்கவுன்ட் கூட தேவையில்ல. மொத்தமே ஏழு சாப்டர், ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல வரும்.

கதை என்னன்னா, ஓட்டிஸ்னு ஒரு அமெரிக்கக் குடும்பம் இங்கிலாந்துல பழைய மாளிகை ஒண்ண வாங்குது, பேய் இருக்கு வேண்டாம்னு விக்கிறவரே சொல்லியும் கேக்கல. லைப்ரரி தரையில ரத்தக்கறை, 1575ல புருஷன் கையால கொலையான அம்மாவோட ரத்தம், வீட்டு வேலை பாக்குற அம்மா நடுங்கிட்டே அதைச் சொல்லிட்டு இருக்கும்போதே மூத்த பையன் வாஷிங்டன் கறை போக்குற குச்சி ஒண்ணை எடுத்து தேய்ச்சு சுத்தமா அழிச்சிடுறான். ராத்திரி பேய் சங்கிலியை இழுத்துகிட்டு வராந்தாவுல வருது, வீட்டுக்காரர் ஓட்டிஸ் செருப்பை மாட்டிகிட்டு வெளிய வந்து, ஐயா அந்த சங்கிலிக்கு கொஞ்சம் எண்ணெய் போடுங்க, சத்தத்துல தூங்க முடியலன்னு ஒரு குப்பியை நீட்டுறாரு. முந்நூறு வருஷமா எல்லாரையும் பயமுறுத்தின பேய்க்கு எப்படி இருக்கும் யோசிச்சுப் பாருங்க.

இந்த எண்ணெய்க்குப்பி சீன் ரெண்டாவது சாப்டர்ல வரும், அதைத்தான் நீங்க பரீட்சைக்கு எடுத்துக்கணும். லிப்ரிவாக்ஸ்ல இந்தக் கதைக்கு ஒண்ணுக்கு மேல வாசிப்பு இருக்கு, வேற வேற ஆளுங்க வாசிச்சது. அந்த ஒரு சீனை மட்டும் ரெண்டு பேர் குரல்ல அடுத்தடுத்து கேளுங்க. வீட்டுக்காரர் பேசுறத ஒருத்தர் ஜோக்குன்னு தெரிஞ்சே சிரிப்பு கலந்து வாசிப்பாங்க, இன்னொருத்தர் அவர் நிஜமாவே அக்கறையா, மரியாதையா பேசுற மாதிரி வாசிப்பாங்க. ரெண்டாவது ஆள்கிட்டதான் உங்களுக்கு சிரிப்பு வரும். ஜோக்கு சொல்றவருக்கு அது ஜோக்குன்னே தெரியக்கூடாது, காமெடி வாசிப்போட முதல் பாடம் இதுதான், இந்த வித்தியாசம் ஒரு தடவை காதுல விழுந்துட்டா அப்புறம் வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுப் பாக்கக் குடுக்கிற எந்த சாம்பிளையும் கொஞ்ச நேரத்துல எடை போட்டுருவீங்க.

அப்படியே அஞ்சாவது சாப்டரையும் கேளுங்க. அதுல வர்ஜீனியாவும் பேயும் தனியா உக்காந்து பேசுவாங்க, ரத்தக்கறை ஏன் பச்சைக் கலருக்கெல்லாம் மாறுச்சுன்னா பேய் அவளோட பெயிண்ட் பாக்ஸ்ல இருந்து கலரைத் திருடிப் பூசியிருக்கு, சிவப்பு தீர்ந்துபோச்சு, அதை அவ கண்டிப்பா, ஆனா சின்னப் பொண்ணு மாதிரியே சண்டை பிடிப்பா. அதே பேச்சு கொஞ்ச நேரத்துல பேய் எனக்குத் தூக்கமே இல்லம்மான்னு சொல்ற இடத்துக்குப் போயிரும், சாவைப் பத்தி ரொம்ப அழகா பேசும், அங்க தொண்டை அடைக்கும். சிரிப்புல இருந்து அழுகைக்கு ஒரே மூச்சுல போற இந்தத் திருப்பம் இன்னைக்கு வர்ற பேய்க்காதல் புக்கு எல்லாத்துலயும் இருக்கு. நரேட்டர் அங்க தடுமாறினா பத்து மணி நேர புக்கு முழுக்க தடுமாறுவாரு.

நரேட்டரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது

கடையில புக்கோட அட்டை, ஸ்டார் ரேட்டிங் எல்லாம் பாக்குறீங்க, அதுக்கு முன்னாடி நரேட்டர் பேரைப் பாருங்க. விமர்சனம் படிச்சாலும் கதையைப் பத்தி சொல்றத விட்டுட்டு வாசிப்பைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு தேடுங்க, ஆடிபிள்ங்கிற அமேசானோட ஆடியோபுக் கடையில கதைக்கு தனி ரேட்டிங், வாசிப்புக்கு தனி ரேட்டிங்னு பிரிச்சே இருக்கும்.

நரேட்டர் இருக்கிற இடத்துல வெர்ச்சுவல் வாய்ஸ்னு போட்டிருந்தா அது மெஷின் குரல். சமையல் குறிப்பு, வரலாறு இதுக்கெல்லாம் எப்படியோ ஓடிரும், ஆனா காமெடிக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன், எந்த வார்த்தைக்கு முன்னாடி மூச்சை நிறுத்தணும்னு தெரிஞ்சா மட்டுமே வாயாடிப் பேய் வாயாடிப் பேயா இருக்கும்.

அப்புறம் எத்தனை பேர் வாசிக்கிறாங்கன்னு பாருங்க. ஒரே ஆள் எல்லாக் குரலும் பண்றது ஒரு வகை. அவ சாப்டருக்கு ஒரு பொண்ணு, அவன் சாப்டருக்கு ஒரு பையன்னு மாத்தி மாத்தி வாசிக்கிறது இன்னொரு வகை, இங்கிலீஷ்ல டூயல்ன்னு சொல்லுவாங்க. டூயட்னு போட்டிருந்தா அது வேற, யார் சாப்டரா இருந்தாலும் அவ வசனத்தை அவளும் அவன் வசனத்தை அவனும் பேசுவாங்க. ஃபுல் காஸ்ட்னா ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு ஆள், சில சமயம் மியூசிக், கதவு சத்தம் எல்லாம் சேத்து நாடகம் மாதிரி இருக்கும். வாய்ச்சண்டைக் காதலுக்கு டூயட்தான் சூப்பர்னு முதல்ல தோணும், ஆனா என்னோட விருப்பம் ஒரே ஆள் வாசிக்கிறதுதான். ஹீரோயின் தலைக்குள்ள என்ன ஓடுது, வாயில என்ன வருது, இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துலதான் முக்கால்வாசி காமெடி இருக்கு, அதை ஒரே குரல் செய்யும்போது இன்னும் கூர்மையா விழும்.

சாம்பிள் கண்டிப்பா கேளுங்க, பெரும்பாலும் சில நிமிஷம்தான் இருக்கும். அதுல மூணு விஷயம் கவனிங்க. ரெண்டு பேர் பேசும்போது, அவன் சொன்னான் அவ சொன்னான்னு வர்றத எல்லாம் மறந்துட்டுப் பாருங்க, யார் பேசுறாங்கன்னு குரலை வச்சே தெரியுதா. ஆண் குரல் பண்ற பெண் நரேட்டர், பெண் குரல் பண்ற ஆண் நரேட்டர் அதை கேலி பண்ற மாதிரி இழுக்குறாங்களா, சாம்பிள்லயே எரிச்சல் வந்தா காதல் சீன்ல தாங்கவே முடியாது. மூணாவது, பதினாறு வயசுப் பொண்ணு பதினாறு வயசா கேக்குதா, சில பேர் டீனேஜ்னா கீச்சுக்குரல்னு நினைச்சுப்பாங்க, நல்ல நரேட்டர் குரலை உசத்தாம வேகத்துலயும் அலட்சியத்துலயும் வயசைக் காட்டுவாங்க.

ஒரு புக்கை எடுத்து பாக்கலாம்

எய்டன் தாமஸ் எழுதி 2020ல வந்த செமட்டரி பாய்ஸ், இதை வாசிச்சது ஏவி ரோக்கே. நான் இந்த வகைக்கு புதுசா வர்றவங்களுக்கு முதல்ல கைகாட்டுறது இதைத்தான். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு கல்லறைத் தோட்டம், அதுக்குள்ளயே குடியிருக்கிற லத்தீன் அமெரிக்கக் குடும்பம், அந்தக் குடும்பத்துல பெண்கள் நோயைக் குணப்படுத்துவாங்க, ஆண்கள் சிக்கிக் கிடக்கிற ஆவிகளை விடுவிச்சு அனுப்புவாங்க. யாட்ரியேல் ஒரு ட்ரான்ஸ் பையன், அதாவது பொண்ணுன்னு சொல்லி வளர்க்கப்பட்ட பையன், அவனை ஆணா ஏத்துக்கிட்டு அந்த சடங்கை நடத்திக்குடுக்க குடும்பம் தயங்குது, அதனால தானே சடங்கை முடிச்சு, தன்னால முடியும்னு நிரூபிக்க ஒரு ஆவியைக் கூப்பிடுறான், வந்தது அவன் நினைச்ச ஆளே இல்ல, அவன் ஸ்கூல்லயே படிச்ச அடங்காத பையன் ஹூலியன் டியாஸ். நண்பர்கள் பத்திரமா இருக்காங்களான்னு தெரியாம நான் போகமாட்டேன்னு அந்த ஆவி அடம் பிடிக்குது.

இதை ஆடியோவுல ஏன் கேக்கச் சொல்றேன்னா, அந்த ஹூலியன் பேச்சை நிறுத்தவே மாட்டான். செத்துப்போனவன்தான் அந்த வீட்டுலயே ரொம்ப உயிரோட இருக்கிறவன். யாட்ரியேல் அடக்கி அடக்கிப் பேசுற பையன். வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் ஆவி கண்ணுக்குத் தெரியும், அதனால இந்த சத்தக்காரனை ரூம்ல ஒளிச்சு வைக்கணும், இந்த ஒரு ஏற்பாடே காமெடிக்குப் போதும். கூட கசின் மரிட்சா இருக்கா, அவளால குணப்படுத்த முடியணும், ஆனா அதுக்கு மிருக ரத்தம் வேணும், அவ வீகன், மிருகத்துகிட்ட இருந்து வர்ற எதையும் தொடமாட்டா, அதனால முடியாதுன்னு உறுதியா நிக்கிறவ. பர்காசோன்னு ஒரு பூனையும் உண்டு. பாட்டி ஸ்பானிஷும் இங்கிலீஷும் கலந்து பேசுவாங்க, கண்ணால படிச்சா அந்த ஸ்பானிஷ் வார்த்தைங்கள்ல நாம முட்டி முட்டி நிப்போம், ரோக்கே வாசிப்புல அது வீட்டுப்பேச்சா சரளமா ஓடும், அர்த்தம் தெரியலன்னாலும் பாட்டி திட்டுறாங்களா கொஞ்சுறாங்களான்னு தெளிவா புரியும், நமக்கு அது போதும்.

கதை நடக்கிறது நவம்பர் முதல் ரெண்டு நாள்ல வர்ற இறந்தோர் நாள் பண்டிகைக்கு முன்னாடி சில நாள்ல. செத்தவங்க வீட்டுக்கு வருவாங்க, அவங்களுக்குப் பிடிச்சதை சமைச்சு வைக்கணும்ங்கிற அந்த எண்ணம் மகாளய அமாவாசைக்கு படையல் போடுற வீட்டுல வளர்ந்தவங்களுக்கு சட்டுனு ஒட்டும். அக்டோபர் கடைசியில ஆரம்பிச்சு தினம் கொஞ்சம் கொஞ்சமா கேட்டுப் பாருங்க, கதையோட நாளும் உங்க நாளும் கூடவே நடக்கும்.

பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை, சிரிப்புக் கதைன்னு லேபிள் இருந்தாலும் இதுல சாவு, ரத்தம், கொலை, வீட்டுல ஏத்துக்காத வலி எல்லாம் வருது. பதிமூணு பதினாலு வயசுப் பிள்ளைங்க கேட்டா முடிஞ்சா நீங்களும் கேளுங்க, பேச நிறைய இருக்கு.

ஸ்பீடுல கை வைக்காதீங்க

இதுதான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல வர்றது. நரேட்டர்கள் பொதுவா ஒரு மணி நேரத்துக்கு ஒன்பதாயிரத்துல இருந்து ஒன்பதாயிரத்து ஐந்நூறு வார்த்தை வரைக்கும் வாசிப்பாங்க, அதாவது நிமிஷத்துக்கு 155 வார்த்தை கிட்ட, அப்போ எண்பத்தஞ்சாயிரம் வார்த்தை புக்கு ஒன்பது மணி நேரம் வரும். அவ்ளோ நேரமான்னு பாத்துட்டு உடனே ஒன்றரை மடங்கு வேகத்துல வைக்கிறாங்க. செய்தி, சுயமுன்னேற்றம் எல்லாம் அப்படிக் கேக்கலாம். காமெடியில ஆப் செய்யிறது என்னன்னா குரல் கீச்சுன்னு ஆகாம பாத்துக்கும், ஆனா இடைவெளியையும் சேத்தே சுருக்கிடும். ஒரு நொடி மௌனம் முக்கால் நொடிக்கும் கீழ போயிரும், ஜோக்கு வந்துச்சான்னே தெரியாம அடுத்த வரி வந்து நிக்கும்.

அதவிட மோசம் மௌனத்தை தானா வெட்டுற செட்டிங், சில ஆப்கள்ல ஸ்கிப் சைலன்ஸ், ட்ரிம் சைலன்ஸ்னு இருக்கும், பாட்காஸ்டுக்காக எப்பவோ ஆன் பண்ணி வச்சிருப்பீங்க. அதை முதல் வேலையா ஆஃப் பண்ணுங்க. காதல் சீன்ல ஒருத்தர் பதில் சொல்ல தயங்குற அந்த ரெண்டு நொடியை அது குப்பைன்னு நினைச்சு தூக்கிப்போட்டுரும்.

அமெரிக்க உச்சரிப்பு வேகமா போற மாதிரி இருந்தா முதல் ரெண்டு சாப்டர் 0.9ல வச்சுக் கேளுங்க, அதுக்கும் கீழ போனா குடிச்சவங்க பேசுற மாதிரி ஆயிரும். காது பழகினதும் 1.0 வேகத்துக்கு வந்துருங்க. ரொம்ப மெதுவா வாசிக்கிற நரேட்டர்னா 1.1 வரைக்கும் போகலாம், அதுக்கு மேல நான் போகமாட்டேன்.

பின்னாடி போற பட்டன் சில ஆப்ல முப்பது நொடின்னு இருக்கும், அதை பத்து இல்ல பதினஞ்சா மாத்துங்க. இந்த வகையில ஒரு வரி தவறிப்போச்சுன்னா அந்த வரி மட்டும் போதும், முப்பது நொடி போனா ஏற்கனவே சிரிச்ச ஜோக்கை மறுபடி கேக்கணும்.

எங்க, எப்போ கேக்குறது

பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, காய் நறுக்கும்போது, வாக்கிங் போகும்போது கேக்கலாம், கை வேலையா இருக்கணும், மண்டை சும்மா இருக்கணும். மெயில் பாத்துகிட்டோ வாட்ஸப்ல பதில் போட்டுகிட்டோ கேட்டீங்கன்னா ரெண்டு பேச்சும் ஒரே இடத்துக்குத்தான் மோதும், கதை தோத்துரும். பஸ்ல, ட்ரெயின்ல போகும்போது முதல் பாதி ஸ்கூல் அரட்டை சீன் எல்லாம் நல்லா ஓடும், ஆனா பேய்க் கதையில கிசுகிசுன்னு பேசுற இடம் நிறைய, கல்லறைத் தோட்டத்துல ராத்திரி, ஜன்னல் பக்கத்துல ரெண்டு பேர், அதெல்லாம் பஸ் இரைச்சல்ல காணாமப் போயிரும். நீங்க வால்யூமை ஏத்துவீங்க, அடுத்த நொடி யாராவது அலறுவாங்க, காது கிழியும். அந்த மாதிரி சாப்டர் வரும்னு தெரிஞ்சா வீட்டுக்கு வச்சுக்கோங்க, இல்லன்னா இரைச்சலைக் குறைக்கிற ஹெட்செட் போட்டு வால்யூமை கீழயே வைங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு 80 டெசிபல் அளவுல வாரத்துக்கு 40 மணி நேரம், சின்னப் பிள்ளைங்களுக்கு 75 டெசிபல்ல 40 மணி நேரம்னு ஒரு வரம்பு சொல்லியிருக்கு, சத்தம் ஏற ஏற கேக்கக்கூடிய நேரம் மளமளன்னு குறையும். ரோட்டைத் தாண்டும்போதும் வண்டி ஓட்டும்போதும் ரெண்டு காதையும் அடைச்சுக்காதீங்க, இது பேச்சுக்கு சொல்றது இல்ல.

படுக்கையில கேக்குறவங்க ஸ்லீப் டைமரை நிமிஷக் கணக்குல வைக்காம சாப்டர் முடியிற இடத்துல வைங்க. யங் அடல்ட் புக்குல சாப்டர் சின்னதா இருக்கும், ஒவ்வொரு சாப்டரும் ஒரு திருப்பத்துலதான் முடியும், பாதியில தூங்கிட்டு மறுநாள் எங்க விட்டோம்னு தேடுறதுக்குள்ள அந்த சீனோட சூடு ஆறிரும்.

முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் துண்டு துண்டா கேக்காதீங்க. பேர், உறவு, யாருக்கு பேய் தெரியும் யாருக்குத் தெரியாது, மந்திரத்துக்கு என்ன விதி, எல்லாம் அங்கதான் சொல்லுவாங்க, ஆடியோவுல பக்கத்தைப் புரட்டி திரும்பிப் பாக்க முடியாது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உக்காந்து அந்த ஒரு மணி நேரத்தை முடிச்சுட்டா அப்புறம் இருபது நிமிஷமா எடுத்தாலும் ஒட்டிக்கும். பேருங்க காதுக்குப் பிடிபடலன்னா பப்ளிஷர் பக்கத்துல இருக்கிற கதைச்சுருக்கத்தை ஒரு தடவை கண்ணால படிங்க, எழுத்துல பாத்த பேரு காதுல சீக்கிரம் தங்கும். இங்கிலீஷ் கேட்டுப் பழகணும்னு வர்றவங்க முதல் மூணு சாப்டரை இ-புக்கைத் திறந்து வச்சுகிட்டு கூடவே கேளுங்க, அதுக்கப்புறம் புக்கை மூடிருங்க, கடைசி வரைக்கும் எழுத்தைப் பிடிச்சுகிட்டே போனா காது வேலை செய்யாது. தெரியாத ஸ்லாங் வந்தா நிறுத்தி டிக்ஷனரி பாக்காதீங்க, ஒரு புக்மார்க் போட்டுட்டு போங்க, சாப்டர் முடிஞ்சதும் பாத்துக்கலாம்.

பாதிக்கு மேல ஒரு இடத்துல காமெடி குறையும், பயப்படாதீங்க. இந்த வகையில முக்கால் பாகம் தாண்டினதும் ஆபத்து வரும், பிரிவு வரும், பேயா இருந்தா எப்படியும் போய்த்தான் ஆகணும்ங்கிற உண்மை வந்து நிக்கும். முதல் பாதியில நல்லா சிரிச்சவங்களுக்குத்தான் அந்த இடம் வலிக்கும், எழுதுறவங்க அதுக்காகத்தான் சிரிக்க வச்சாங்க. அங்க ஸ்பீடை ஏத்தி தாண்டிப் போயிடாதீங்க. கடைசி ஒரு மணி நேரத்தை வேலை எதுவும் இல்லாம கண்ணை மூடிக் கேளுங்க.

எங்க வாங்குறது

இந்தியாவுல இருந்தா ஆடிபிள்ல மாசச் சந்தா கட்டி எடுக்கலாம், சந்தா வேண்டாம்னா கூகுள் ப்ளே புக்ஸ்ல ஒரே புக்கை மட்டும் தனியா காசு குடுத்து வாங்கலாம், வருஷத்துக்கு ரெண்டு மூணு புக்கு கேக்குறவங்களுக்கு அதுதான் லாபம். ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை தனித்தனியா விக்கிறதால சில புக்கு அமெரிக்காவுல இருக்கும் இங்க இருக்காது. சிங்கப்பூர், டொரன்டோ, அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஆளுங்க காசே குடுக்க வேண்டாம், ஊர் லைப்ரரி கார்டை வச்சு லிப்பி ஆப்ல இரவல் எடுக்கலாம், பிரபலமான புக்குக்கு வரிசை இருக்கும், பேரைப் போட்டு வச்சுட்டு வேற ஒண்ண கேட்டுட்டு இருங்க, இரவல் தவணை முடிஞ்சதும் புக்கு தானாவே திரும்பிப் போயிரும், ஃபைன் கிடையாது. வாங்கும்போது அன்அப்ரிட்ஜ்டு, அதாவது வெட்டாத முழுப் பதிப்புன்னு இருக்கான்னு பாருங்க, சுருக்கின பதிப்புல முதல்ல வெட்டுப்படுறது கதைக்குத் தேவையில்லாத அரட்டைதான், நமக்கு வேண்டியதே அந்த அரட்டைதானே.

யூட்யூப்ல முழு புக்கும் ஓசியில கிடைக்குதுன்னு போகாதீங்க. காப்பிரைட் சிக்கல்ல மாட்டிக்காம இருக்க குரலோட சுருதியையும் வேகத்தையும் லேசா மாத்தி ஏத்துறவங்க இருக்காங்க, நரேட்டர் ஸ்டூடியோவுல ஒரு மணி நேர ஆடியோவுக்கு அதுக்கு ரெண்டு மடங்கு நேரம் உக்காந்து, மூச்சை எங்க விடணும்னு பாத்துப் பாத்து வாசிச்சதெல்லாம் அதுல நாசம்.

ஒரு புக்கு முடிஞ்சு பிடிச்சிருந்தா அடுத்ததை எழுத்தாளர் பேரை வச்சு தேடாதீங்க, நரேட்டர் பேரை வச்சு தேடுங்க. ஆப்ல அந்தப் பேரைத் தொட்டாலே அவங்க வாசிச்ச எல்லாம் வரிசையா வரும், அதுல நீங்க கேள்வியே படாத பேய், காட்டேரி, மந்திரக் கதை குறைஞ்சது ரெண்டு இருக்கும். தொடரா வர்ற கதைன்னா ரெண்டாம் பாகத்துல நரேட்டரை மாத்திட்டாங்களான்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க, மாத்தியிருந்தா சாம்பிளை மறுபடி கேளுங்க, அந்தப் பழைய பேயோட பழைய குரல் உங்க காதுல இன்னும் இருக்கும், புதுக்குரல் ஒட்டலன்னா அந்தப் பாகத்தை மட்டும் புக்கா வாங்கிப் படிங்க, படிக்கும்போது பழைய குரல்லயே கேக்கும்.